குற்றவியலும் மனித சேவையும்: நான் ஏன் படிக்கப் போனேன்

(எமது சங்கத்தின் கல்வி மாலை நிகழ்வில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை. சித்திரை மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



நான் மேடையில் கதைத்துப் பழகியவன் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாகப் பக்ரறியில் மெசின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தியே கதைத்தவன். குரல் கூடிப் போனால் முன் வரிசையில் இருப்பவர்கள் கையைக் காட்டுங்கோ.

செயலாளர் அக்கா போன மாதம் என்னைப் பிடித்து, "தம்பி, நீர் படிக்கிற படிப்பைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையும். படிப்பெண்டால் டொக்டர், இஞ்சினியர், எக்கவுண்டன் எண்ட மூண்டுதான் எங்கட சனத்துக்குத் தெரியும்" என்று சொன்னா. நான் படிப்பது இரட்டைப் பட்டம். ஹியூமன் சேர்விசஸ் என்கிற மனித சேவைகள் ஒன்று, கிரிமினோலொஜி என்கிற குற்றவியல் மற்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம். முழுநேரமாகப் படித்தால் நாலு வருஷம். நான் பகுதிநேரம், ஒரு தவணைக்கு இரண்டு பாடம். 2024 இல் தொடங்கினேன், இது மூன்றாவது வருஷம். முடிக்கும்போது எனக்கு நாற்பதுக்குக் கிட்ட வந்துவிடும்.

இதைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இரண்டு விதமாகக் கேட்டார்கள். குற்றவியல் என்றதும், "என்ன, பொலிசில சேரப்போறீரோ?" மனித சேவை என்றதும், "சோத்துப் பார்சல் குடுக்கிறதுக்கும் யூனிவேசிற்றியோ?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். ஆனால் பதிலுக்கு முதல் ஒரு கதை சொல்ல வேண்டும். அதில் என்னுடைய பிழையும் இருக்கிறது. கதையில் வருகிற இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன். யார் எவர் என்று தயவுசெய்து தேட வேண்டாம்.

2018 ஆம் ஆண்டு. நாங்கள் ஐந்து பேர் டண்டினோங் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். பக்ரறியில் எனக்குப் பக்கத்து லைனில் வேலை செய்த அண்ணை ஒருவர், ஒரு நாள் இரவு உடுப்புப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். வீட்டில் சண்டை, யாரோ பொலிசுக்கு அடித்துவிட்டார்கள், பொலிஸ் வந்து ஒரு கடதாசியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டது என்றார். பிறகு நீதிமன்றத்துக்குப் போய் வந்தார். இந்த நாட்டில் ஐ.வீ.ஓ. என்று சுருக்கமாகச் சொல்லும் குடும்ப வன்முறைப் பாதுகாப்பு ஆணை அவர்மேல் போடப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் ரெலிபோனில் வந்தாராம், லைன் சரியில்லையாம். "நான் எல்லாத்துக்கும் யெஸ் யெஸ் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்" என்றார். அந்தக் கடதாசியை எங்கள் குளிர்சாதனப்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினோம். மூன்று கிழமை அது அங்கேயே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் பால் எடுக்கும்போது அதைப் பார்ப்பேன். முதல் பக்கத்துக்கு மேலே வாசித்ததில்லை.

அந்த வீட்டில் கொஞ்சமாவது இங்கிலிஷ் தெரிந்தவன் நான்தான். ஊரில் ஏ.எல். வரை படித்தவன் என்று எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது. ஒரு பின்நேரம் அண்ணை ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, அவ எடுத்தவ. இண்டைக்குப் பிள்ளையின்ர பிறந்தநாள். பிள்ளை அழுகுதாம், ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம். போகலாமோ?"

நான் சொன்னேன்: "அவவே கூப்பிட்டாப் பிறகென்ன அண்ணை. போட்டு வாங்கோ."

கேக் வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் மறுபடி வாக்குவாதம். பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். அண்ணை இரவு திரும்பி வரவில்லை.

அந்தக் கடதாசியின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது என்னவென்றால், வீட்டுக்கு 200 மீற்றருக்குள் போகக்கூடாது, ரெலிபோனிலும் கதைக்கக்கூடாது. அந்த ஆணை நீதிமன்றத்தின் ஆணை. மனைவி கூப்பிட்டாலும், பிள்ளை கூப்பிட்டாலும், நீதிமன்றம் மாற்றும் வரைக்கும் அது மாறாது. ஆணையைப் போடுவது குடியியல் வழக்கு, ஆனால் அதை மீறுவது கிரிமினல் குற்றம். விக்டோரியா மாநிலத்தின் 2008 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை சிறை கொடுக்கலாம். அண்ணை அப்போது பிரிட்ஜிங் விசாவில் இருந்தவர். குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றுகூட இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டாலே அந்த விசாவை ரத்துச் செய்யலாம் என்று 2013 இலிருந்து விதி இருக்கிறது. ரத்துச் செய்தார்கள். நீதிமன்றம் கடைசியில் அவருக்குச் சிறைத் தண்டனை கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஏழு மாதம் தடுப்பு முகாமில் இருந்து முடித்துவிட்டார். கடலில் வந்து ஒரு முகாமைக் கண்ட மனுசன், என்னுடைய ஒரு வசனத்தால் இரண்டாவது முகாமையும் கண்டார்.

இது என் பிழையின் ஒரு பாதி.

மற்றப் பாதியை நான் பிழை என்று விளங்கிக்கொள்ளவே நாலைந்து வருஷம் எடுத்தது. அந்த ஏழு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் முறை வைத்து முகாமுக்குப் போய் அண்ணையைப் பார்த்தோம். சோறு, கறி, பழைய பேப்பர் எல்லாம் கொண்டு போனோம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த அக்காவின் வீட்டுப் பக்கம் எங்களில் ஒருவரும் போகவில்லை. வாடகை எப்படிக் கட்டுகிறா, பிள்ளையை யார் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறது, கார் ஓடத் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வாயில் அவவுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: "பொலிசைக் கூப்பிட்டவ." கூப்பிட்டது பக்கத்து வீட்டுக்காரர் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. முதல் நாள் இரவு அந்த வீட்டில் என்ன நடந்தது, அதற்கு முன்பு எத்தனை இரவு நடந்தது என்று நான் அண்ணையிடமும் கேட்டதில்லை. ஒரு நாள் கடையில் அவவைக் கண்டேன். என்னைக் கண்டதும் ட்ரொலியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டா.

இனிப் படிப்புக்கு வருகிறேன்.

மனித சேவை வகுப்பில் முதல் வருஷம் ஒரு பயிற்சி தந்தார்கள். ஒரு தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு ஒரு ஆளின் பெயரை எழுத வேண்டும். சுற்றிவரச் சின்ன வட்டங்கள்: குடும்பம், வேலை, பள்ளிக்கூடம், டொக்டர், கோயில், நண்பர்கள், அரச உதவி. உறவு பலமாக இருந்தால் தடித்த கோடு, பலவீனமென்றால் புள்ளிக்கோடு, பிரச்சினை என்றால் வெட்டுக்கோடு. உதவி செய்யப் போகிறவன் முதலில் இந்தப் படத்தைக் கீறிப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த அண்ணையின் நினைவு வந்து, அவருக்கு ஒரு படம் கீறினேன். எங்கள் வீடு, பக்ரறி, சங்கம் என்று தடித்த கோடுகள் வந்தன. பிறகு அக்காவுக்குக் கீறினேன். பிள்ளைக்கு ஒரு கோடு. மற்ற வட்டங்களுக்குக் கோடு இல்லை. கீறின பேனையை மூடிவிட்டு இருந்தேன்.

சோற்றுப் பார்சல் கொடுப்பதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். பார்சல் யாருக்குப் போகவில்லை என்று பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியிருக்கிறது. எனக்காவது வேண்டியிருந்தது.

குற்றவியல் வேறு மாதிரி. அது பொலிசாவதற்கான பயிற்சி இல்லை. எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறது, யார் பிடிபடுகிறது, யார் பிடிபடாமல் போகிறது, தண்டனை கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்கிற படிப்பு. இத்தாலியில் லொம்புரோசோ என்ற ஒரு டொக்டர் 1876 இல் ஒரு புத்தகம் எழுதினார். மண்டையோட்டையும் தாடையையும் அளந்து பார்த்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்றார். அந்தப் பாடம் நடந்தபோது எனக்கு எங்கள் அம்மம்மாதான் நினைவுக்கு வந்தா. "முழியைப் பார்க்கவே தெரியேல்லையோ, கள்ளனெண்டு" என்பா. அம்மம்மாவும் லொம்புரோசோவும் பிழை என்று நிரூபிக்கப் பல பேர் பாடுபட்டிருக்கிறார்கள்.

அவர்களில் எனக்குப் பிடித்தது சிக்காகோவில் இருந்த ஷோ, மக்கே என்ற இருவர். 1942 இல் வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சியில் பல பத்து வருஷத்து இளைஞர் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, பிடிபட்ட பிள்ளைகளின் வீடுகளை நகரப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். நகரத்தின் நடுப்பகுதியை ஒட்டிய சில வறிய இடங்களில்தான் எப்போதும் புள்ளிகள் கூட. ஒரு காலத்தில் அங்கே ஜேர்மன்காரரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் முன்னேறி வெளியே போக, போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். சனம் மாறியது, புள்ளிகள் இடம் மாறவில்லை. வெளியே போன சனத்தின் பிள்ளைகளில் குற்றம் குறைந்தது. அப்படியென்றால் குற்றம் இரத்தத்தில் இல்லை, இருக்கிற இடத்தின் நிலைமையில் இருக்கிறது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 2018 தேர்தல் காலத்தில் மெல்பேணில் "ஆபிரிக்கக் கும்பல்" என்று பேப்பரிலும் ரீவியிலும் ஒரே கதை. எங்கள் சனமும் ரீ குடித்துக்கொண்டு அதையே சொன்னது, "அவங்கட பொடியள் அப்பிடித்தான்." கனடாவில் எங்கள் பொடியளைப் பற்றி 1990களில் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். 2001 இல் ரொறன்ரோவில் பல தமிழ் இளைஞர்களைக் கும்பல் என்று பிடித்து நாடுகடத்தும் வழக்குகள் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் யுத்தத்துக்குள் பிறந்து, தகப்பன் இரண்டு வேலைக்குப் போகிற வீட்டில், பின்னேரம் யாருமில்லாமல் வளர்ந்தவர்கள். இங்கேயும் எங்கள் வீடுகளில் பின்னேரம் யார் இருக்கிறார்கள் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கோ. நான் நைற் ஷிப்ற், மனைவி டே ஷிப்ற். எங்கள் மகனுக்கு இப்போது நாலு வயது. அவன் பதினாலு வயதாகும்போது வீட்டில் யார் இருப்பது என்று இப்போதே கணக்குப் போடுகிறோம்.

இன்னொரு பாடம் பக்ரறிக்காரர் எல்லோருக்கும் பிடிக்கும். 1939 இல் அமெரிக்காவில் சதர்லண்ட் என்ற பேராசிரியர், கோட்டும் ரையும் போட்டவர்கள் செய்கிற குற்றத்தை ஏன் நாங்கள் குற்றம் என்று எண்ணுவதில்லை என்று கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொன்ராக்ரர் மூலம்தான் வேலை. மூன்று மாதம் ஓவர்டைம் காசு தரவில்லை. கேட்டால், "விசா என்ன விசா?" என்று திருப்பிக் கேட்பார். அதே இடத்தில் ஒரு பொடியன் ஒரு பெட்டி பிஸ்கற்றை ஜக்கெற்றுக்குள் வைத்துப் பிடிபட்டான், அவனுக்குப் பொலிஸ் வந்தது. எங்கள் ஓவர்டைமுக்குப் பொலிஸ் வரவில்லை, அது "தகராறு" என்றார்கள். வேண்டுமென்று சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது விக்டோரியாவில் 2021 ஜூலையிலும், நாடு முழுக்க 2025 ஜனவரி 1 ஆம் திகதியிலிருந்தும் கிரிமினல் குற்றம். ஒரே செயல்தான். டிசம்பரில் தகராறு, ஜனவரியில் குற்றம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியர், "உன்னுடைய அசைன்மென்றுக்கு இதையே எழுது" என்றார். எழுதினேன். என் முதல் நல்ல மார்க்ஸ் அதற்குத்தான் வந்தது. காசு மட்டும் இன்னும் வரவில்லை.

இந்த நாட்டின் ஆதிக்குடிகளைப் பற்றியும் ஒரு சொல். காவலில் இறந்த ஆதிக்குடி மக்கள் 99 பேரின் மரணத்தை விசாரித்த அரச ஆணைக்குழு 1991 இல் 339 சிபாரிசுகளோடு அறிக்கை கொடுத்தது. காவலில் இருக்கும் மற்றவர்களைவிட ஆதிக்குடியினர் கூடிய வீதத்தில் இறக்கவில்லை, அளவுக்கு மிஞ்சிப் பிடித்து உள்ளே போடப்படுவதால்தான் இத்தனை பேர் உள்ளே இறக்கிறார்கள் என்பதுதான் அது கண்டது. சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை, சிறையில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். பொலிசையும் முகாமையும் கண்டு வந்த எங்களுக்கு இந்தப் பாடத்தில் அகராதி தேவைப்படவில்லை.

மானம் வெட்கம் பற்றிய பாடத்தை விட்டுவிட்டுப் போக மனமில்லை, ஏனென்றால் அது எங்கள் வீட்டுச் சாமான். ஜோன் பிரைத்வெயிற் என்பவர் குயின்ஸ்லாந்தில் பிறந்த அவுஸ்திரேலியர். 1989 இல் அவர் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் படிப்பிக்கப்படுகிறது. வெட்கப்படுத்துவது இரண்டு விதம் என்கிறார். செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லி, பிறகு ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று. ஆளையே பிழை என்று முத்திரை குத்தித் தள்ளி வைப்பது மற்றது. முதலாவது குற்றத்தைக் குறைக்கும், இரண்டாவது கூட்டும்.

எங்கள் ஊரில் ஒருவர் சின்ன வயதில் பக்கத்து வளவில் தேங்காய் பிடுங்கிப் பிடிபட்டார். அடித்தார்கள், தேங்காயையும் வாங்கினார்கள். அதோடு முடியவில்லை. அவருக்குக் கலியாணம் முடிந்து பிள்ளைகள் பிறந்த பிறகும் அவர் "தேங்காய்க் கள்ளன்"தான். பள்ளிக்கூடத்தில் அவருடைய மகன் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தான். அவனைக் "கள்ளன்ர பொடியன்" என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அவன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

எங்கள் சமூகத்தில் குடும்பச் சண்டை என்றால் மூன்று பெரியவர்கள் போய், ரீ குடித்து, சமாதானம் பேசி வருவார்கள். பிரைத்வெயிற் சொல்வதும், நியூசிலாந்தில் 1989 இல் இளம் பிள்ளைகளுக்கு என்று சட்டமாக வந்த குடும்ப மாநாடும் இதைத்தானே செய்கின்றன என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் கூட்டத்தில் பாதிக்கப்பட்டவர் எவ்வளவு நேரம் பேசுவார்?" எனக்குப் பதில் வரவில்லை. நான் கண்ட கூட்டங்களில் அக்காமார் ரீ ஊற்றினார்கள். கடைசியில், "பிள்ளை, நீ கொஞ்சம் பொறுத்துப் போ" என்று அவர்களுக்குத்தான் தீர்ப்பு வந்தது. பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. சமாதானம் பேசுவது நல்லது. ஆனால் அடி வாங்கினவர் பயமில்லாமல் வாய் திறக்க முடியாத இடத்தில் அது சமாதானம் இல்லை. குடும்ப வன்முறையில் இந்த முறையைப் பாவிக்கலாமா கூடாதா என்று படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், முதலில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கண்டு கேட்க ஒரு ஆள் வேண்டும்.

இங்கே தாய்மாருக்கு ஒன்று. விக்டோரியாச் சட்டத்தில் அடிப்பது மட்டும் வன்முறை இல்லை. காசைப் பிடித்து வைப்பது, வெருட்டுவது, பிள்ளை கேட்கப் பார்க்கச் சண்டை பிடிப்பது எல்லாம் அடங்கும். சீதனம் கேட்டு வருத்துவதும் 2019 இலிருந்து சட்டத்தில் உதாரணமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்த மாநிலத்தில் 2015 இல் அமைத்த ஆணைக்குழு 227 சிபாரிசுகள் செய்து, அதன் பலனாக 2018 இலிருந்து ஒறேஞ் டோர் என்ற நிலையங்கள் திறந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவரும் போகலாம், தன் கோபத்தைக் கட்டுப்படுத்த முடியாத ஆணும் போகலாம். இங்கிலிஷ் வராவிட்டால் 131 450 க்கு எடுத்துத் "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைத் தருவார்கள். லைன் சரியில்லாவிட்டால் சரியில்லை என்று சொல்லுங்கோ. யெஸ் யெஸ் என்று சொல்லாதையுங்கோ. கடதாசி கையில் தந்தால் கடைசிப் பக்கம் வரை யாரையாவது கொண்டு வாசிப்பியுங்கோ. சட்டம் தெரிந்த ஆளிடம் கேளுங்கோ, என்னைப் போல ஏ.எல். படித்த பக்கத்து அறைக்காரனிடம் கேட்க வேண்டாம்.

ஏன் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றால், எனக்கு அந்த அண்ணையும் வேண்டும், அக்காவும் வேண்டும். குற்றவியல் மட்டும் படித்திருந்தால் சட்டமும் விசா விதியும் அண்ணைக்குச் செய்தது எவ்வளவு பாரம் என்று நல்ல கட்டுரை எழுதியிருப்பேன், அக்கா அதில் ஒரு வரியில் வந்து போயிருப்பா. மனித சேவை மட்டும் படித்திருந்தால் அக்காவுக்கு வீடும் கவுன்சிலிங்கும் எடுத்துக் கொடுத்திருப்பேன், ஒரு சின்ன ஆணை மீறல் எப்படி ஒரு மனுசனை முகாம் வரை கொண்டு போகிறது என்று எனக்கு விளங்கியிருக்காது. விளங்கியிருந்தால்தானே, "போக வேண்டாம் அண்ணை, முதலில் ஆணையை மாற்றக் கேப்பம்" என்று சொல்லியிருக்கலாம்.

சரி, எப்படிச் சேர்வது, எவ்வளவு காசு என்று கேட்பீர்கள். நான் ஊரில் கலைப்பிரிவில் ஒரு B யும் இரண்டு C யும் எடுத்தவன். கம்பஸ் கிடைக்கவில்லை. 2012 கடைசியில் வந்தேன், வேலை செய்ய அனுமதி 2015 இல். தற்காலிக விசாவில் இருக்கும்வரை பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் கேட்டது, அதை நினைக்கவே ஏலாது. அதனால் முதலில் டேஃபில் சமூக சேவை டிப்ளோமா படித்தேன். நிரந்தர விசா இல்லாத அகதிகளுக்கும் விக்டோரியா அரசு டேஃபில் இடம் தருகிறது, விசாவில் படிக்கத் தடை இல்லாவிட்டால் போய்க் கேட்கலாம். 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாக்காரருக்கு நிரந்தர விசா என்று அரசாங்கம் அறிவித்தது. எனக்கு அது கிடைத்த பிறகுதான் ஹெல்ப் என்ற மாணவர் கடன் எடுக்க முடிந்தது. டிப்ளோமாவுக்காகச் சில பாடங்களைக் கழித்தும் விட்டார்கள்.

கடன் லேசானது இல்லை. 2021 இல் கட்டணத்தை மாற்றியபோது குற்றவியல் போன்ற பாடங்களை ஆகக் கூடிய வகுப்பில் போட்டார்கள், முழுநேர வருஷத்துக்கு அப்போது 14,500 டொலர். பிறகும் ஏறியிருக்கிறது. 2025 இல் எல்லோருடைய கடனிலும் நூற்றுக்கு 20 வீதம் வெட்டினார்கள், வருமானம் 67,000 டொலருக்கு மேலே போனால்தான் கட்டத் தொடங்கலாம் என்றும் ஆக்கினார்கள். அது ஒரு ஆறுதல். இன்னொரு ஆறுதலின்மை: எங்கள் வகுப்பில் நானூறு மணித்தியாலம் சம்பளமில்லாமல் வெளியிடத்தில் பயிற்சி செய்ய வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ஆசிரியர், தாதி, சோசல் வேர்க் மாணவருக்குப் பயிற்சிக் காலத்தில் உதவிப்பணம் உண்டு. எங்கள் பட்டத்தின் பெயரில் சோசல் வேர்க் இல்லாததால் எங்களுக்கு இல்லை. நான் வருஷ லீவு முழுவதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சோசல் வேர்க்கர் என்ற பெயரோடு வேலை செய்ய விரும்புகிறவர்கள் அந்தப் பட்டத்தையே எடுங்கோ, அல்லது இதற்குப் பிறகு இரண்டு வருஷ முதுமாணி படிக்க வேண்டி வரும். எங்கள் படிப்புக்கு இளைஞர் நீதித்துறை, குடும்ப வன்முறை நிலையங்கள், நீதிமன்ற உதவி, சிறையிலிருந்து வருபவருக்கு வீடு தேடிக் கொடுப்பது என்று வேலைகள் இருக்கின்றன. சம்பளம் எக்கவுண்டனைவிடக் குறைவு. அதை மறைக்க மாட்டேன்.

இங்கிலிஷ்தான் பெரிய பாடு. பக்ரறியில் எங்களுக்கு வேண்டியது முப்பது சொல்லு. வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க எனக்கு மூன்று இரவு வேண்டும். முதல் அசைன்மென்றில் நான் பெயிலானதை இதுவரை மனைவிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன், இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் கடைசியாக ஒரு விஷயம். நிரந்தர விசா கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி, சிற்றிசன் இல்லாத ஒருவர் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தால் நிரந்தர விசாவும் தானாகவே ரத்தாக வேண்டும். சின்ன வயதில் வந்த பிள்ளையும் இதற்குள் அடங்கும். தகுதி வந்த உடனே பிள்ளைகளுக்குச் சிற்றிசனுக்குப் போடுங்கோ, தள்ளிப் போடாதையுங்கோ. 2023 அறிவிப்பிலும் அகப்படாமல் இன்னும் பிரிட்ஜிங் விசாவில் இருக்கும் எங்கள் ஆட்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நின்று பட்டப்படிப்பைப் பற்றிக் கதைக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த அண்ணையும் அக்காவும் இப்போது வேறு வேறு வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளை ஒன்றுவிட்ட ஒரு சனிக்கிழமை தகப்பனிடம் வருகிறது. போன வருஷம் நான் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவ உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று கேட்டுவிட்டு, "சரி தம்பி" என்றா. பிறகு ஒரு நாள் அவவே ரெலிபோன் எடுத்து, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்லச் சொன்னா. இரண்டு பக்கமும் வாசித்துத்தான் சொன்னேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை இந்த மண்டபத்தின் பக்கத்து அறையில் இருப்பேன். டேஃப் படிவம், பல்கலைக்கழகப் படிவம் நிரப்ப விரும்புகிறவர்கள் ஏ.எல். பெறுபேற்றுத் தாளையும் விசாக் கடிதத்தையும் கொண்டு வாங்கோ. வேறு கடதாசி ஏதும் விளங்காவிட்டாலும் கொண்டு வரலாம். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன், யாரிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

இன்றைக்குப் பத்து மணிக்கு எனக்கு நைற் ஷிப்ற். சாப்பாட்டுக்கு நிற்க முடியாது. யாராவது ஒரு பார்சல் கட்டித் தந்தால் புண்ணியமாகப் போகும். எல்லோருக்கும் என் புதுவருட வாழ்த்துக்கள்.